ஜன்னலுக்குள் அதே உபுண்டு: சிம்மக்கல் அச்சகக் கணினி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2023, ஆடி மாதக் கடைசி வாரம். காலை ஒன்பதே முக்காலுக்கு அச்சகக்காரரின் மகன் போன் செய்தான்.

"அண்ணே, ஒரு மாதிரியா இருக்கு. விர்ச்சுவல் பாக்ஸ் ஜன்னல்ல விண்டோஸ்தான ஓடணும். அதுல இப்ப உபுண்டு லாகின் திரை நிக்குது. என் பேருதான் போட்டிருக்கு. பாஸ்வேர்டு போட்டேன், உள்ள போயிருச்சு."

"உள்ள போயி என்ன செஞ்ச?"

"ஒரு ஃபைலத் திறந்து பாத்தேன்ணே. அப்புறம் வெளியில பிரவுசர் தானா மூடிக்கிருச்சு. இப்ப எதச் செஞ்சாலும் ரீட்-ஒன்லின்னு வருது."

"எதையும் சேவ் பண்ணாத. ஷட் டவுன் கொடுக்காத. பவர் பட்டன அழுத்திப் பிடிச்சு அப்படியே அணைச்சிரு. நான் வர்ற வரைக்கும் திரும்பப் போடாத."

ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் பட்டனை அழுத்தி அணைக்கச் சொல்வது வழக்கத்துக்கு மாறானது. அன்றைக்கு அதுதான் சரியான வழி. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் அனுமதியோடு, பெயர் விட்டு இதை எழுதுகிறேன். வட்டில் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸையே, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குள் விர்ச்சுவல் பாக்ஸ் என்ற மென்பொருளின் ஜன்னலில் ஓட்டும் இதே ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கும் இன்னும் மூன்று பேரை அதற்குப் பிறகு மதுரையிலேயே பார்த்துவிட்டேன். அவர்கள் எல்லாருமே விவரம் தெரிந்தவர்கள்.

கடையும் கணினியும்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி இவைதான் வேலை. டிசைன் இங்கே நடக்கும், பிளேட் வெளியே போடுவார்கள், கலர் அதிகமுள்ள பெரிய ஆர்டர் என்றால் சிவகாசிக்குப் போகும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அச்சகத்துக்கு ஆடிதான் மூச்சு முட்டும் மாதம். ஆவணி முகூர்த்தப் பத்திரிகை எல்லாம் அப்போதுதான் வரும்.

உரிமையாளருக்கு விண்டோஸ் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. கோரல் டிராவும் பேஜ்மேக்கரும் வேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. ஆனாலும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்து வைத்த இருபது வருடப் பழைய கோப்புகள் அதில்தான் ஒழுங்காகத் திறக்கும். "போன தடவ அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே வேணும்" என்று வருகிற வாடிக்கையாளருக்கு அந்தப் பழைய கோப்புதான் மூலதனம்.

மகன் பொறியியல் படிக்கிறான். அவனுக்கு உபுண்டு வேண்டும். வீட்டுக்கும் கடைக்குமாக ஒரே கணினி: நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பழைய பயாஸ் பூட் முறை, வட்டின் பிரிவுகளை (பார்ட்டிஷன்களை) வட்டின் தொடக்கத்தில் குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் அட்டவணை. முதலில் விண்டோஸ் 10 இருந்தது, அதற்குப் பக்கத்தில் அவன் உபுண்டு போட்டான். கணினியைப் போட்டதும், எந்த இயங்குதளம் என்று கேட்கும் கிரப் மெனு வரும். பத்து வினாடிக்குள் விண்டோஸைத் தேர்வு செய்யாவிட்டால் உபுண்டு தானாகக் கிளம்பும். டூயல் பூட் என்கிற இந்த முறையில் இரண்டு வருடம் ஓடியது, ஒரு கோப்புகூடக் கெடவில்லை.

அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு தொந்தரவு. பையன் உபுண்டுவில் வேலையாக இருக்கும்போது வாடிக்கையாளர் வந்துவிட்டால், எல்லாவற்றையும் மூடி, மறுபடி விண்டோஸில் ஏற வேண்டும். அந்த ஹார்ட் டிஸ்கின் வேகத்துக்கு அது ஐந்து நிமிட வேலை. வாசலில் நிற்கிற ஆளுக்கு ஐந்து நிமிடம் நீளம்தான்.

அதனால் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஏற்கெனவே வட்டில் இருக்கும் அதே விண்டோஸை, விர்ச்சுவல் பாக்ஸில் ஒரு மெய்நிகர் கணினியாக, உபுண்டுவுக்குள்ளேயே ஒரு ஜன்னலில் ஓட்டுவது. புதிதாக எதையும் நிறுவத் தேவையில்லை. அதே எழுத்துருக்கள், அதே கோப்புகள். தேவைப்பட்டால் நேரடியாகவும் விண்டோஸில் ஏறலாம். கேட்கும்போது மனதுக்குப் பிடிக்கிற யோசனை. இது முடியும் என்பதும் உண்மை. விர்ச்சுவல் பாக்ஸிலேயே அதற்கு வசதி உண்டு. வழக்கமான மெய்நிகர் வட்டுக் கோப்புக்குப் பதிலாக, 'இந்த நிஜ வட்டைப் பார்' என்று சுட்டுகிற ஒரு சிறிய விஎம்டிகே கோப்பை உருவாக்கிக் கொடுத்தால் போதும்.

அதே விர்ச்சுவல் பாக்ஸின் கையேடு, இது நிபுணர்களுக்கு மட்டுமான வசதி, தவறாகப் பயன்படுத்தினால் வட்டிலுள்ளது முழுக்கப் போய்விடும் என்று எச்சரிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஹோஸ்டின் (வெளியே ஓடும் இயங்குதளத்தின்) பார்ட்டிஷனை கெஸ்டுக்குள் (ஜன்னலுக்குள் ஓடும் மெய்நிகர் கணினிக்குள்) பூட் செய்யவே கூடாது என்றும் தனியாகச் சொல்கிறது. பையன் அதைப் படித்திருந்தான். 'நான்தான் விண்டோஸை மட்டும் தேர்வு செய்யப் போகிறேனே' என்று நினைத்தான். அவன் நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கிரப் மெனுவுக்கு முன்னால் எந்நேரமும் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருந்தது.

மூன்று வார அறிகுறிகள்

முதல் முயற்சியில் மெய்நிகர் கணினியில் வட்டை ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறையில் மாட்டினான். நீலத்திரை வந்தது: பூட் சாதனத்தை அணுக முடியவில்லை, 0x7பி. நிஜக் கணினியில் அந்த விண்டோஸ் ஏஎச்சிஐ முறையில்தான் வட்டைப் பார்த்துப் பழகியிருந்தது. சாட்டா-ஏஎச்சிஐக்கு மாற்றியதும் ஏறிவிட்டது.

சாதாரணப் பயனருக்கு நிஜ வட்டை நேரடியாக எழுதும் அனுமதி உபுண்டுவில் இல்லை. அதற்காகத் தன் பயனர் கணக்கை 'டிஸ்க்' என்ற குழுவில் சேர்த்தான். இதை நான் மிகவும் கவலையோடு சொல்கிறேன். அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டால், அந்தப் பயனர் ஓட்டும் எந்த நிரலும் முழு வட்டின் எந்த மூலையிலும் எழுதலாம், கோப்பு அனுமதிகள் எதுவும் தடுக்காது. ஒரு ஜன்னலுக்காக வீட்டுச் சுவரையே எடுத்துவிட்ட மாதிரி.

அடுத்தது, 'விண்டோஸைச் செயல்படுத்துங்கள்' என்ற எழுத்து திரையின் மூலையில் வந்தது. விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் கணினியின் வன்பொருளோடு, முக்கியமாக மதர்போர்டோடு கட்டப்பட்டது. மெய்நிகர் கணினிக்குள் மதர்போர்டு வேறு, நெட்வொர்க் அட்டை வேறு, திரை அட்டை வேறு. நேரடியாக ஏறினால் எழுத்து மறையும், ஜன்னலில் ஏறினால் திரும்ப வரும். கடையில் வாங்கி வைத்திருந்த ஒரு வடிவமைப்பு மென்பொருளும் இதேபோல 'புதுக் கணினி' என்று நினைத்து உரிமத்தை மறுபடி கேட்டது. ஒரே நிறுவல் இரண்டு உடம்பில் மாறி மாறி ஏறினால் உரிமம் பார்க்கும் மென்பொருள் குழம்பத்தான் செய்யும்.

பிறகு கடிகாரம். வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருக்கிறது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். உபுண்டு அதில் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். இந்திய நேரத்துக்கும் யுடிசிக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். பகல் 11 மணிக்கு விண்டோஸ் ஏறினால் காலை 5.30 என்று காட்டும். டூயல் பூட்டிலேயே உள்ள பழைய சிக்கல்தான் இது, ஆனால் மெய்நிகர் கணினி அமைப்பிலும் 'கடிகாரம் யுடிசியில்' என்று ஒரு குறி இருப்பதால், எந்த வழியாக ஏறினோம் என்பதைப் பொறுத்து நேரம் ஒவ்வொரு மாதிரி ஆனது. எந்தக் கோப்பு முந்தியது, எது பிந்தியது என்று தேதியை வைத்துச் சொல்ல முடியாத நிலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பிரச்சினையும் வந்தது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஷட் டவுன்' என்பது முழுமையான அணைப்பு இல்லை. கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதியின்) நிலையை ஒரு ஹைபர்னேஷன் கோப்பில் எழுதி வைத்துவிட்டுத்தான் அணையும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுதாக மூடித் திறக்கும். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். அப்படிப் பாதி உறக்கத்தில் இருக்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் எழுத லினக்ஸ் மறுக்கும், மறுப்பதுதான் சரி. பையன் இதைத் தேடிப் படித்து விண்டோஸில் ஹைபர்னேஷனையே அணைத்துவிட்டான். அவன் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. நிஜக் கணினியில் உறங்கிய விண்டோஸ், எல்லா வன்பொருளும் மாறிப்போன ஜன்னலில் விழித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே அது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

வேகமும் எதிர்பார்த்தபடி இல்லை. நிஜ வட்டு என்பதால் நிஜ வேகம் என்று நினைத்தான். சுழலும் ஒரே வட்டில் இரண்டு இயங்குதளம் இரண்டு மூலையில் படிக்கும்போது, வட்டின் தலைமுள் அங்கும் இங்கும் அலைந்துகொண்டே இருக்கும்.

அந்த இரவு

மெய்நிகர் கணினிக்கு அவன் விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டும் தராமல், முழு வட்டையும் கொடுத்திருந்தான். அப்போதுதான் பூட் பிரிவும் சேர்ந்து வந்து எளிதாக ஏறியது. அதன் பொருள்: ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் அதற்குள்ளும் அதே கிரப் மெனு வரும். அவனோ அப்பாவோ ஒவ்வொரு முறையும் அம்புக்குறியைக் கீழே தள்ளி விண்டோஸைத் தேர்வு செய்வார்கள்.

அன்று இரவு ஒன்பது மணிக்குக் கடையை அடைக்கும்போது ஜன்னலை மூடவில்லை. காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று அப்பா அப்படியே விட்டுப்போனார். விண்டோஸ் அப்டேட் இறங்கியிருந்தது. பயனர் வேலை செய்யும் நேரம் என்று விண்டோஸ் இயல்பாக எடுத்துக்கொள்வது காலை 8 முதல் மாலை 5 வரை. அதற்கு வெளியே அது தானாக ரீஸ்டார்ட் ஆகலாம். ஆனது. ஜன்னலுக்குள் கிரப் வந்தது. பத்து வினாடி. மெனுவுக்கு முன்னால் யாரும் இல்லை. முதல் வரியில் இருந்த உபுண்டு கிளம்பியது.

அதே உபுண்டு வெளியே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே என்ன நடந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த நிகழ்வின் உயிர் இதில்தான் இருக்கிறது. உபுண்டு பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமை, தன்னை ஒரு நேரத்தில் ஒரு கர்னல்தான் கையாளும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. அந்தக் கர்னல் வட்டின் நிலையில் ஒரு பகுதியைத் தன் நினைவகத்தில் நகலாக வைத்துக்கொண்டு, அதை நம்பித்தான் வேலை செய்யும். எந்தக் கட்டம் காலி, எது நிரம்பியது, எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது, எல்லாமே அந்த நகலில் இருக்கும். வட்டைத் தனக்குத் தெரியாமல் இன்னொருவர் மாற்றியிருப்பார் என்ற சந்தேகமே அதற்கு வராது.

கடைக்காரருக்கு நான் சொன்ன உதாரணம் இது: "ஒரே கல்யாண மண்டபத்துக்கு ரெண்டு மேனேஜர். ஆளுக்கொரு டைரி. ஒருத்தர் டைரிய இன்னொருத்தர் பாக்கிறதில்ல. ஆவணி முதல் முகூர்த்தத்த ரெண்டு பேரும் ரெண்டு குடும்பத்துக்குக் கொடுத்திட்டாங்க." அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, புரிந்துவிட்டது.

உள்ளே கிளம்பிய உபுண்டு வட்டைப் பார்த்தது. ஓடிக்கொண்டிருக்கும் கோப்பு முறைமையில் 'இன்னும் மூடப்படவில்லை' என்ற குறி இருக்கும். புதிதாக வருகிற கர்னலுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: போன தடவை கரண்ட் போய் நின்றிருக்கிறது. அதனால் அது ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் ஏட்டில்) இருந்ததை எல்லாம் வட்டில் எழுதி, ஜர்னலைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கியது. வெளியே இருக்கும் கர்னலோ அந்த ஜர்னல் தன்னுடையது, தான் விட்ட இடத்தில் இருக்கிறது என்றே நம்பியது. இரண்டும் இரவு முழுக்கத் தங்கள் நிகழ்வுப் பதிவேட்டை (லாக்) எழுதின. ஒரே நிறுவல் என்பதால் இரண்டுக்கும் இயந்திர அடையாள எண்ணும் ஒன்று, பதிவேட்டுக் கோப்பின் இடமும் ஒன்று. காலியிடம் தேடிய இருவரும் அதே கட்டங்களைக் காலி என்று எடுத்துக்கொண்டார்கள். காலையில் பையன் உள்ளே லாகின் செய்தபோது எழுதும் வேலை பலமடங்கானது. வெளியே இருந்த கர்னல் முரண்பாட்டைக் கண்டு, மேலும் கெடாமல் இருக்கத் தன்னை ரீட்-ஒன்லியாக மாற்றிக்கொண்டது. உபுண்டுவின் இயல்பான அமைப்பு அது. உள்ளே இருந்தது தொடர்ந்து எழுதியது.

அதனால்தான் ஷட் டவுன் வேண்டாம் என்றேன். முறையாக அணைக்கும்போது கர்னல் நினைவகத்தில் மிச்சம் வைத்திருப்பதை எல்லாம் வட்டில் எழுதிவிட்டுத்தான் போகும். நல்ல நாளில் அது பாதுகாப்பு. இரண்டு டைரி இருக்கும் நாளில், தவறான டைரியைச் சரியானதன் மேல் எழுதுவது.

இஎக்ஸ்டி4இல் இதைத் தடுக்கும் வசதி ஒன்று உண்டு. எம்எம்பி என்பார்கள். வட்டின் ஒரு கட்டத்தில் சில வினாடிக்கு ஒருமுறை எழுதி, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று காட்டிக்கொண்டே இருக்கும், இரண்டாவது ஆள் மவுன்ட் செய்ய (பார்ட்டிஷனை இணைத்துத் திறக்க) வந்தால் மறுக்கும். ஆனால் வழக்கமான நிறுவலில் அது இயக்கப்பட்டிருக்காது. பொதுவான மேசைக் கணினிக்கு அது தேவை இல்லை என்பதால்தான், ஏனென்றால் அங்கே இரண்டாவது ஆளே கிடையாது.

மீட்பு

வட்டைக் கழற்றி என் மேசைக்குக் கொண்டுவந்தேன். முதல் வேலை பழுது பார்ப்பது அல்ல, நகல் எடுப்பது. டிடிரெஸ்க்யூ கொண்டு இன்னொரு 1 டிபி வட்டுக்கு அப்படியே ஒரு நகல். இனி எதைச் செய்தாலும் நகலின்மேல்தான். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவசரத்தில் மூல வட்டின்மேலேயே எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் நிரலை ஓட்டி, மீள வாய்ப்பிருந்ததையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நகலில் முதலில் எதையும் மாற்றாத முறையில் சோதித்தேன். திரை நிறைய, ஒரே கட்டம் இரண்டு கோப்புக்குச் சொந்தம் என்று வந்தது. எஃப்எஸ்சிகே இப்படிப்பட்ட கட்டத்தைக் கண்டால் இரண்டு கோப்புக்கும் ஆளுக்கொரு நகல் போட்டுக் கொடுக்கும். ஆனால் அதில் இருப்பது எந்தக் கோப்பின் உள்ளடக்கம் என்று அதற்குத் தெரியாது. ஒன்று சரியாக இருக்கும், மற்றது வேறொருவரின் பக்கத்தைத் தன் நடுவில் வைத்திருக்கும். இப்படிப்பட்ட கோப்பு திறக்கும், அளவும் சரியாக இருக்கும், உள்ளே மட்டும் தவறு. கல்லூரித் திட்டப்பணியின் நிரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தோம். அவன் வாராவாரம் ஒரு நகலை இணையத்தில் ஏற்றி வைத்திருந்தான், அது பெரிய உதவி. பழுது முடிந்தபோது லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் அடைவில் பெயரில்லாத கோப்புகள் குவிந்திருந்தன. உபுண்டு நிறுவலை அப்படியே காப்பாற்ற முயலவில்லை. தரவை எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவினோம்.

விண்டோஸ் இருந்த சி பார்ட்டிஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அப்டேட்டின் நடுவில் ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருந்தது, நேரடியாக ஏற்றியதும் மீதியை முடித்துக்கொண்டது. நான் எதிர்பார்க்காத சேதம், டிசைன் கோப்புகள் இருந்த டி பார்ட்டிஷனில் இருந்தது.

மேலூர்க் குடும்பத்தின் பத்திரிகை

இதைத் தனியாக எழுதக் காரணம், இந்த வீட்டில் உண்மையாகக் காயம் பட்டது இங்கேதான்.

விபத்துக்குப் பத்து நாள் முன்னால் மேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் கல்யாணப் பத்திரிகை, 400 பிரதி, முகூர்த்த நேரம் தவறாக அச்சாகிவிட்டது. முதல் புரூஃபில் காலை 9 முதல் 10.30 என்று இருந்தது. ஜோசியர் மாற்றியதால் 6 முதல் 7.30 என்று திருத்தச் சொன்னார்கள். கடைக்காரர் விண்டோஸ் ஜன்னலில் திருத்தி, டி பார்ட்டிஷனில் அதே பெயரில் பிடிஎஃப் ஆகச் சேமித்தார். மகன் உபுண்டுவிலிருந்து அந்தப் பிடிஎஃபை எடுத்து பிளேட் போடும் இடத்துக்கு மெயில் செய்தான். வந்தது பழைய நேரம்.

"நீ பழசத் தூக்கி அனுப்பிட்ட" என்று அப்பா. "நீங்க சேவ் பண்ணவே இல்லப்பா" என்று மகன். கடை தன் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தது. வாடிக்கையாளர் பெருந்தன்மையாகப் போய்விட்டார். ஆனால் அப்பாவும் மகனும் பத்து நாள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

நான் முதலில் கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். ஐந்தரை மணி நேரப் பிழையால் புதுக் கோப்பு பழையதுபோலத் தெரிந்து, பையன் மாற்றி எடுத்திருப்பான் என்று. ஆனால் கோப்பு ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். மாற்றி எடுக்க இன்னொன்று இல்லை. அப்போதுதான் உபுண்டுவின் மவுன்ட் பட்டியலைப் பார்த்தேன். டி பார்ட்டிஷன் கணினி ஏறும்போதே தானாக மவுன்ட் ஆகும்படி எழுதப்பட்டிருந்தது. டூயல் பூட் காலத்தில் எழுதிய வரி. அன்று அதில் தவறு எதுவும் இல்லை. மெய்நிகர் கணினி வந்த பிறகு, அதே டி பார்ட்டிஷனை வெளியே உபுண்டுவும் உள்ளே விண்டோஸும் ஒரே நேரத்தில் வைத்திருந்தன.

ஊகத்தில் விடக் கூடாது என்று, ஒரு பழைய வட்டை வைத்து என் மேசையில் அதே ஏற்பாட்டைச் செய்து பார்த்தேன். ஹோஸ்டில் ஒரு கோப்பைத் திறந்து படித்தேன். மெய்நிகர் விண்டோஸில் அதே கோப்பை மாற்றிச் சேமித்தேன். ஹோஸ்டில் மறுபடி திறந்தேன்: பழைய உள்ளடக்கம். அன்மவுன்ட் செய்து மறுபடி மவுன்ட் செய்தேன்: புதிய உள்ளடக்கம். வட்டில் சரியானதுதான் இருந்தது. ஹோஸ்ட் வட்டைப் பார்க்காமல், காலையில் முதல் புரூஃப் அனுப்பும்போது தன் நினைவகத்தில் வைத்த நகலையே கொடுத்திருக்கிறது. ஹோஸ்டில் ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது ஹோஸ்ட் தவறாக எழுதுவதைத் தடுக்கும். பழைய நகலைப் படிப்பதைத் தடுக்காது.

இந்தச் சோதனையைக் கடையில் இருவர் முன்னாலும் இன்னொரு தடவை செய்து காட்டினேன். அப்பா சேவ் செய்திருந்தார். மகன் சரியான கோப்பைத்தான் எடுத்தான். இருவர் மேலும் தப்பில்லை. கடைக்காரர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "சரிப்பா, சாப்பிட்டியா?" என்று மகனிடம் கேட்டார்.

டி பார்ட்டிஷனில் விண்டோஸின் செக்டிஸ்க் ஓட்டியபோது அடைவுப் பிழைகள் கிடைத்தன. சில டிசைன் கோப்புகள் பூஜ்ய அளவில் இருந்தன. மூன்று வாரமாக இரண்டு பக்கமும் எழுதியதன் விளைவு. சத்தமாக விழுந்த உபுண்டுவைவிட, சத்தமே இல்லாமல் கெட்டுக்கொண்டிருந்த இந்தப் பார்ட்டிஷனே என்னை அதிகம் பயமுறுத்தியது. அந்த இரவு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இது ஆவணி, ஐப்பசி என்று தொடர்ந்திருக்கும்.

என் முடிவு

டூயல் பூட்டை இரண்டு வருடம் காப்பாற்றியது எந்த மென்பொருளும் இல்லை. ஒன்று ஓடும்போது மற்றது ஓட முடியாது என்ற ஒரே உண்மைதான். பார்ட்டிஷனை மெய்நிகர் கணினியாக ஓட்டும்போது நாம் நீக்குவது சரியாக அந்தக் காவலை. ஐந்து நிமிடக் காத்திருப்பு என்று நாம் நினைத்தது உண்மையில் ஒரு பூட்டு.

இந்த ஏற்பாட்டைச் செய்தே ஆக வேண்டும் என்பவரிடம் நான் சொல்வது: முழு வட்டைக் கொடுக்காதீர்கள். விஎம்டிகே உருவாக்கும்போது தேவையான பார்ட்டிஷன்களை மட்டும் பெயர் சொல்லிக் கொடுக்க முடியும். மற்றவை கெஸ்டுக்குக் காலியாகத் தெரியும், அங்கே அது எழுதினாலும் வட்டுக்கு வராது. பழைய எம்பிஆர் முறையில், கெஸ்டுக்கென்று தனி எம்பிஆர் கொடுத்தால் உங்கள் கிரப் உள்ளே வரவே வராது. ஹோஸ்டின் மவுன்ட் பட்டியலில் அந்தப் பார்ட்டிஷன்களைத் தானாக மவுன்ட் ஆகாதபடி மாற்றுங்கள். வட்டை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற லினக்ஸ் பெயரால் சுட்டாமல் அதன் நிலையான அடையாளத்தால் சுட்டுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் செருகிய நிலையில் கணினியைப் போட்டால் அந்த எழுத்து மாறலாம். பார்ட்டிஷன் அளவை மாற்றினால் பழைய விஎம்டிகேயை அன்றே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். அது பழைய வரைபடத்தைத்தான் வைத்திருக்கும்.

ஸ்னாப்ஷாட்டும் (பின்னால் திரும்பிப் போக எடுத்து வைக்கும் அந்த நேரத்து நிலை) 'நிலையைச் சேமி'யும் இந்த ஏற்பாட்டில் ஆகவே ஆகாது. ஸ்னாப்ஷாட் எடுத்தால், அதற்குப் பிந்தைய மாற்றங்கள் தனிக் கோப்பில் போகும், நிஜ வட்டு அடித்தளமாக மாறாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒருமுறை நேரடியாக விண்டோஸில் ஏறினால் அடித்தளம் நகர்ந்துவிடும். மெய்நிகர் கணினி வைத்திருப்பதன் முக்கியச் சௌகரியமே ஸ்னாப்ஷாட்தான், அதுவே இங்கே கிடையாது.

புதிய மடிக்கணினிகளில் இன்னும் சிக்கல். பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ முறையில் இரண்டு இயங்குதளத்தின் பூட் கோப்புகளும் ஒரே பார்ட்டிஷனில் இருக்கும். அதை கெஸ்டுக்குக் கொடுத்தால் பழையபடி இரண்டு பேர் ஒரே இடத்தில். விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கர் இயங்கினால், டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு மாறிவிட்டது என்று அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பல பேருக்குத் தங்கள் கணினியில் குறியாக்கம் இயங்குவதே அந்தத் திரையைப் பார்த்துத்தான் தெரியவருகிறது.

இந்தக் கடைக்கு நான் இவற்றில் எதையும் பரிந்துரைக்கவில்லை. உபுண்டுவுக்கென்று 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று தனியாக மாட்டினோம். விண்டோஸ் பழைய வட்டின் நகலில், தன் வழியில் நேரடியாக மட்டும் ஏறுகிறது. எஸ்எஸ்டியில் உபுண்டு ஏற அரை நிமிடம்கூட ஆவதில்லை, அதனால் மாறி ஏறுவதே முன்போலப் பாரமாக இல்லை. வாசலில் ஆள் நிற்கும்போது அவசரத்துக்கு, உபுண்டுவுக்குள் சாதாரண மெய்நிகர் விண்டோஸ் ஒன்று தனி உரிமத்தோடு, தனி வட்டுக் கோப்பில் இருக்கிறது. அதில் பேஜ்மேக்கரும் எழுத்துருக்களும் மட்டும். கோப்புப் பரிமாற்றம் விர்ச்சுவல் பாக்ஸின் பகிர்வு அடைவு வழியாக நடக்கிறது. அங்கே வட்டைக் கையாளுவது ஹோஸ்ட் மட்டும், கெஸ்ட் அதனிடம் கேட்டுத்தான் வாங்கும். டைரி ஒன்றுதான். பையனின் கணக்கை டிஸ்க் குழுவிலிருந்து நீக்கினோம்.

உள்ள விண்டோஸையே கோப்பாக மாற்றி எடுத்துக்கொள்ள வழி இல்லையா என்று பையன் கேட்டான். உண்டு. விண்டோஸிலேயே ஓட்டக்கூடிய டிஸ்க்2விஎச்டி அதைச் செய்யும். அதைச் செய்தாலும் உரிமங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதால் அவர்கள் வேண்டாம் என்றார்கள்.

மூல வட்டை நான் அழிக்கவில்லை. தேதி எழுதி ஒட்டி அலமாரியில் வைத்தேன். தை பிறந்ததும் கடைக்காரர் வந்தார். உசிலம்பட்டி வாடிக்கையாளர் ஒருவரின் பழைய பத்திரிகை, டி பார்ட்டிஷன் நகலில் பூஜ்ய அளவில் இருக்கிறது, ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். அந்த வட்டிலிருந்து இன்னொரு நகல் எடுத்து, ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலால் தேடியதில் பெயர் இழந்த கோப்புகளுக்கு நடுவே அது கிடைத்தது. அதோடு இன்னும் இரண்டு கிடைத்தன. மற்றவை கிடைக்கவில்லை. அவற்றை அவர் பழைய அச்சுப் பிரதியைப் பார்த்து மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறார்.